சீசெல்சின் தனியார் தீவுகள்: சொகுசுச் சுற்றுலாவும் வாழிட மீட்பும்

சீசெல்சு, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் 115 தீவுகளைக் கொண்ட நாடு. மக்களில் மிகப் பெரும்பாலோர் மாஹே, பிராலின், லா டீக் ஆகிய மூன்று தீவுகளில் வாழ்கின்றனர். சிறு தீவுகள் சில தனியார் வசம் உள்ளன. அவற்றுள் பிரெகேட், வடக்குத் தீவு, டெனிசு, குசீன் ஆகிய நான்கும் உலகின் செல்வர்கள் தங்கிச் செல்லும் விடுதித் தீவுகளாக அறியப்பட்டவை. அழிவின் விளிம்புக்குச் சென்ற பறவையினங்கள் மீண்டு வந்த இடங்களும் இவையே. இந்த இரண்டும் ஒரே மண்ணில் நடப்பது தற்செயலன்று. விடுதி ஈட்டும் பணம் காட்டை மீட்கச் செலவாகிறது. மீண்ட காடு விருந்தினரை அழைத்து வருகிறது. ஆயினும் விடுதிக்குச் சரக்கு ஏற்றி வரும் படகே தீவின் உயிர்களை அழிக்கும் வழியாகவும் அமையலாம். பிரெகேட் தீவின் வரலாறு இதற்குச் சான்று.

தீவுகள் சீரழிந்த விதம்

மாஹே, பிராலின், பிரெகேட் போன்ற உள்வட்டத் தீவுகள் கருங்கல்லால் ஆனவை. கோண்டுவானா நிலப்பரப்பு பிளந்தபோது இந்தியத் துண்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கடலில் எஞ்சிவிட்ட சிறு துணுக்குகள் இவை. வௌவால்களைத் தவிரப் பாலூட்டி எதுவும் இங்கு இயல்பாக இருந்ததில்லை. எனவே இங்குள்ள பறவைகள் தரையில் அஞ்சாமல் இரை தேடின. எட்டும் உயரத்திலேயே கூடு கட்டின. பூனை, எலி என்னும் பகையை அவை அறியவில்லை.

மனிதக் குடியேற்றம் 1770இல்தான் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் அழைத்து வந்த முதல் குழுவில் தென்னிந்தியரும் இருந்தனர். அடுத்த நூறாண்டுகளில் காடுகள் வெட்டப்பட்டுத் தென்னந்தோப்புகள் ஆயின. கொப்பரையும் இலவங்கமும் நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கின. கப்பல்களில் எலிகள் வந்தன; எலிகளைப் பிடிக்கப் பூனைகள் கொண்டுவரப்பட்டன; பூனைகள் பறவைகளைப் பிடித்தன. ஆடு, மாடு, பன்றி ஆகியவையும் சில தீவுகளில் காடேறின. தீவுகளுக்கே உரிய பேராமைகள் கப்பல்காரர்களின் உணவாகி மறைந்தன. இன்று இத்தீவுகளில் காணப்படும் பேராமைகள் அல்டாப்ரா பவளத்தீவிலிருந்து வந்தவற்றின் வழித்தோன்றல்கள்.

1970களில் கொப்பரை வணிகம் சரிந்தது. 1971இல் மாஹேயில் விமான நிலையம் இயங்கத் தொடங்கியதும் நாட்டின் கவனம் சுற்றுலாவின் பக்கம் திரும்பியது. தோப்புத் தீவுகள் சில கைவிடப்பட்டன. கவனிப்பாரற்ற தென்னை தானே முளைத்து, வேறு எதையும் வளரவிடாத புதராக அடர்ந்தது. கைவிட்டால் இயற்கை தானே மீளும் என்ற எண்ணம் இங்கே பொய்த்தது. எலியும் தென்னையும் இருக்கும்வரை பழைய காடு திரும்புவதில்லை.

குசேன்: விடுதி இல்லாத முன்மாதிரி

தனியார் தீவுகளின் மீட்புக்கு வழிகாட்டியாக அமைந்தது விடுதி எதுவும் இல்லாத ஒரு தீவு. பிராலினுக்கு அருகிலுள்ள குசேன் தீவை 1968இல் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு மன்றம் விலைக்கு வாங்கியது. (குசேன், குசீன் என்பன அடுத்தடுத்து உள்ள இரு வேறு தீவுகள்.) அப்போது உலகிலிருந்த சீசெல்சுக் கதிர்க்குருவிகள் முப்பதுக்கும் குறைவு; அனைத்தும் அந்த ஒரு தீவிலேயே இருந்தன. அங்கே செய்யப்பட்ட பணி எளிமையானது. தென்னங்கன்றுகள் முளைக்க முளைக்க அகற்றப்பட்டன; பிசோனியா மரக்காடு தானே எழ இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் லச்சக்கெட்டைக் கீரை என்று வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படும் மரம் இதற்கு நெருங்கிய உறவு. 1980களில் குருவிகளின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டி, தீவு கொள்ளும் அளவை எட்டிவிட்டது. பின்னர் அவை ஆரிட், குசீன், டெனிசு, பிரெகேட் தீவுகளில் குடியமர்த்தப்பட்டன.

குசேனில் கடைப்பிடிக்கப்படும் ஒரு வழக்கம் குறிப்பிடத்தக்கது. சுற்றுலாப் படகுகள் கரைக்கு வர அனுமதியில்லை. அவை கடலிலேயே நின்றுவிட, தீவின் சொந்தப் படகு சென்று பயணிகளை ஏற்றி வரும். குசேனில் எலி கிடையாது. இனியும் வந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். இரவில் பயணிகள் தங்குவதும் இல்லை.

பிரெகேட் தீவும் கரிச்சானும்

மாஹேக்குக் கிழக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில் உள்ள பிரெகேட் ஏறத்தாழ 2 சதுர கி.மீ. பரப்புடையது. சீசெல்சுக் கரிச்சானின் கடைசிப் புகலிடம் இதுவே. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் வைகறையில் பாடும் குண்டுக் கரிச்சானின் உறவான இப்பறவை, பளபளக்கும் கருநிறமும் சிறகில் வெள்ளைப் பட்டையும் கொண்டது. தரையில் சருகைக் கிளறிப் பூச்சி, பூரான், சிறு அரணை ஆகியவற்றைத் தின்னும். பேராமை நடக்கும்போது கலையும் பூச்சிகளுக்காக அதன் பின்னாலேயே செல்லும். ஆமை இல்லாத இடத்தில் மண் கொத்தும் தோட்டக்காரரின் பின்னால் செல்லும். மனிதரைக் கண்டு விலகாத இந்த இயல்பு விருந்தினருக்கு மகிழ்ச்சி தருவது, பூனைக்கும் அப்படியே.

இப்பறவை ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆகவே இழப்பை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும். முன்பு மாஹே, பிராலின், லா டீக் உட்படப் பல தீவுகளில் வாழ்ந்த இது, 1960களில் பிரெகேட்டில் மட்டுமே எஞ்சியது. அன்றைய எண்ணிக்கை இருபதுக்கும் குறைவு. தீவிலிருந்த பூனைகள் 1980களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்ட பிறகும் பெரிய முன்னேற்றம் இல்லை. 1990இல் மீட்புத் திட்டம் தொடங்கியபோது இருபத்து சொச்சம் பறவைகளே இருந்தன.

காரணம் என்ன என்று தேடியவர்கள் ஒன்றல்ல, பலவற்றைக் கண்டனர். பொந்துள்ள முதிர்ந்த மரங்கள் இல்லை. இரை தேடத் தகுந்த நிழலும் சருகும் உள்ள தரை போதவில்லை. பூச்சிமருந்து இரையைக் குறைத்தது. மைனாக்கள் கூடுகளைப் பிடுங்கிக்கொண்டன. இதற்கேற்ப மரங்களில் கூட்டுப் பெட்டிகள் பொருத்தப்பட்டன. கூடுதல் உணவு வைக்கப்பட்டது. பூச்சிமருந்துப் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. நாட்டு மரங்கள் நடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. ஒரே தீவில் எல்லாப் பறவைகளையும் வைத்திருப்பது ஆபத்து என்பதால் 1990களின் நடுவில் சில பறவைகள் குசேனுக்கும் குசீனுக்கும் கொண்டு செல்லப்பட்டன.

அந்த முன்யோசனை சரியான நேரத்தில் வந்தது. 1995இல் பிரெகேட்டில் பழுப்பு எலி தோன்றியது. பூனை அகன்ற தீவில் எலிக்குப் பகை எதுவும் இல்லை. அது விரைவாகத் தீவெங்கும் பரவியது. 16 குடில்கள் கொண்ட சொகுசு விடுதி 1998இல் அங்கே திறக்கப்பட்டது. ஒரு விடுதி எழுவதென்றால் மரம், சிமெண்ட், தளவாடம், உணவு, செடி, மண் என எல்லாமே படகில் வர வேண்டும். எந்தப் படகில் எலி வந்தது என்பதைவிட, படகுகள் பெருகும் தீவில் எலி வருவது நேரக் கணக்கு மட்டுமே என்பதுதான் பாடம்.

எலி ஒழிப்பு

இடையில் நடந்த ஒழிப்பு முயற்சி கைகூடவில்லை. 2000ஆம் ஆண்டு நியூசிலாந்தைச் சேர்ந்த டான் மெர்டன் தலைமையில் பெரும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 1980இல் ஐந்தே பறவைகளாகச் சுருங்கியிருந்த சாத்தம் தீவுக் கருப்பு ராபினை மீட்டதில் முதன்மைப் பங்கு வகித்தவர் இவர்.

தீவில் எலியை ஒழிப்பதும் வீட்டில் எலி பிடிப்பதும் ஒன்றல்ல. நூற்றில் தொண்ணூற்றொன்பது எலி செத்தாலும் பயனில்லை. சினையுற்ற ஒரு பெண் எலி தப்பினால் ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலை திரும்பிவிடும். ஆகவே நஞ்சிட்ட இரை ஒவ்வோர் எலியின் நடமாட்டப் பரப்புக்குள்ளும் விழ வேண்டும். பாறைச் சரிவு, மர உச்சி, சமையலறைப் பின்புறம் எதையும் விட முடியாது. பயன்படுத்தப்படும் நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்றவுடன் கொல்லாமல் சில நாள் கழித்தே கொல்லும். அதனால் இரைக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பை எலி அறிவதில்லை. இயற்கை உணவு குறைந்திருக்கும் வறண்ட பருவமே இதற்கு ஏற்றது.

சிக்கல் என்னவெனில், அதே நஞ்சு கரிச்சானையும் கொல்லும். இரையைத் தின்ற கரப்பானையும் அரணையையும் பறவை தின்றாலே போதும். எனவே தீவிலிருந்த கரிச்சான்களில் பெரும்பாலானவை பிடிக்கப்பட்டு, ஆபத்து நீங்கும்வரை கூண்டுகளில் பராமரிக்கப்பட்டன. உலகில் எஞ்சிய பறவைகளில் பெரும்பங்கைக் கையில் பிடித்து, கூண்டில் அடைத்து, உணவூட்டி, நோய் வராமல் காத்துத் திரும்ப விடுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு தொற்றுநோய் வந்திருந்தால் திட்டமே இனத்தை அழித்திருக்கும். பிரெகேட்டில் அது வெற்றி பெற்றது. எலி ஒழிந்தது.

அதே பருவத்தில் டெனிசு, கியூரியூசு தீவுகளிலும் இதே முறை கையாளப்பட்டது. அங்கே எலிகள் மறுபடியும் தோன்றின. டெனிசில் 2002இல் மீண்டும் ஒழிப்பு நடத்தப்பட்டு வெற்றி கண்டது. ஆட்கள் வசிக்கும், படகுகள் அடிக்கடி வந்துபோகும் தீவுகளில் ஒழிப்பைவிடக் காவலே கடினம் என்பது அப்போது தெளிவாயிற்று. அதன்பின் தீவுக்கு வரும் சரக்கைத் திறந்த கரையில் பிரிக்காமல், எலி புகவோ வெளியேறவோ முடியாத மூடிய அறையில் வைத்துப் பிரித்துச் சோதிக்கும் வழக்கம் இத்தகைய தீவுகளில் ஏற்பட்டது. விருந்தினர் கண்ணில் படாத இந்த அறைதான் தீவின் உண்மையான வாயிற்காவல்.

கரிச்சான்கள் 2002இல் ஆரிட் தீவுக்கும் 2008இல் டெனிசுக்கும் அனுப்பப்பட்டன. 2005இல் பன்னாட்டுச் செம்பட்டியலில் 'மிக அருகிய' நிலையிலிருந்து 'அருகிய' நிலைக்கு இப்பறவை மாற்றப்பட்டது. 2010களின் நடுவில் ஐந்து தீவுகளிலுமாக அதன் எண்ணிக்கை முந்நூறை நெருங்கியது.

பிரெகேட்டில் காக்கப்பட வேண்டியது கரிச்சான் மட்டுமன்று. உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத, பறக்க இயலாத பெரிய வண்டு ஒன்று இங்குண்டு. வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தை அது பெரிதும் சார்ந்து வாழ்கிறது. அம்மரம் வாடல் நோயால் தாக்கப்பட்டபோதும், எலி பரவியபோதும் வண்டு அற்றுப்போகும் என்ற அச்சம் எழுந்தது; இலண்டன் விலங்கியல் பூங்காவில் அது வளர்க்கப்பட்டது.

வடக்குத் தீவு

மாஹேக்கு வடமேற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள வடக்குத் தீவும் ஏறத்தாழ 2 சதுர கி.மீ. பரப்புடையதே. 1826 முதல் 1970கள் வரை தோப்பாக இருந்து, பின்னர் கைவிடப்பட்டது. 1997இல் தென்னாப்பிரிக்கக் காட்டுயிர்ச் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் முன்முயற்சியில் வாங்கப்பட்டு, 2003இல் 11 குடில்களுடன் விடுதி திறக்கப்பட்டது. நோவாவின் பேழையைப் போல, வேறு இடங்களில் அழிந்துவரும் உயிர்களுக்கு இத்தீவை அடைக்கலம் ஆக்குவது என்பதே தொடக்கத்திலிருந்து முன்வைக்கப்பட்ட கருத்து.

இங்கே எலி ஒழிப்பு முதல் முறை தோற்றது. 2005இல் மீண்டும் முயன்றபோது எலி ஒழிந்தது. காடேறிய பூனை, மாடு ஆகியவையும் அகற்றப்பட்டன. தென்னையும் சவுக்கும் வெட்டப்பட்ட இடங்களில் நாட்டு மரங்கள் நடப்பட்டன. அங்கே 'தக்கமாக்கா' எனப்படும் கடற்கரை மரம் வேறொன்றுமன்று, தமிழ் நெய்தல் நிலத்தின் புன்னைதான். 2007இல் கொன்செப்சியோன் தீவிலிருந்து 25 சீசெல்சு வெள்ளைக்கண்ணிகள் இங்கு கொண்டுவரப்பட்டன. இச்சிறு பறவை அற்றுப்போனதாகவே கருதப்பட்டு, 1960இல் மாஹேயில் மீண்டும் கண்டறியப்பட்டது. எலி இதற்குப் பெரும் அச்சுறுத்தல். எனவே 2005இன் ஒழிப்பு இல்லாமல் 2007இன் குடியமர்த்தல் இல்லை.

இத்தீவின் கடற்கரைகளில் அழுங்காமையும் பச்சை ஆமையும் முட்டையிடுகின்றன. பிற நாடுகளில் இரவில் கரையேறும் அழுங்காமை, சீசெல்சில் பகலிலேயே முட்டையிட வருவது ஒரு தனித்தன்மை. ஓட்டுக்காக நெடுங்காலம் கொல்லப்பட்டுவந்த இவ்வாமைக்கு 1994இல் முழுமையான சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். விடுதி விளக்குகள் கரையில் எரிந்தால் குஞ்சுகள் எதிர்ப்பக்கம் ஓடிச் சாகும். ஆகவே ஆமைத் தீவுகளில் குடில்கள் மரவரிசைக்குப் பின்னால் அமைவதும், கடற்கரை இருட்டாக இருப்பதும் அழகுக்காக மட்டுமன்று.

டெனிசும் மைனாவும்

டெனிசு கருங்கல் தீவன்று. மாஹேக்கு வடக்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ள பவளத்திட்டு. 2008இல் லா டீக்கிலிருந்து 23 அரசவால் ஈப்பிடிப்பான்கள் இங்கு கொண்டுவரப்பட்டன. ஆண் பறவை உடல் முழுதும் கருத்து, நீண்ட வாலுடன் இருப்பதால் கிரியோல் மொழியில் 'விதவை' என அழைக்கப்படும் இவ்வினம், அதற்கு முன் லா டீக்கில் மட்டுமே நிலையாக இனப்பெருக்கம் செய்துவந்தது.

புதிதாக வந்த பறவைகளுக்கு டெனிசில் எலி இல்லை. ஆனால் மைனா இருந்தது. தமிழ்நாட்டில் வீட்டு முற்றத்துப் பறவையான மைனா, சீசெல்சுக்கு மனிதரால் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே அது கூடுகளைக் கைப்பற்றுவதும், ஈப்பிடிப்பானையும் கரிச்சானையும் தாக்குவதும் காணப்பட்டன. பொறிவைத்தும் சுட்டும் மைனாக்களை ஒழிக்கும் பணி 2015வரை ஐந்து ஆண்டுகள் நடந்தது. எலியைப் போல் ஒரே வீச்சில் முடிவதில்லை இது. ஒரு மைனா பொறியில் சிக்குவதை மற்ற மைனாக்கள் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன; கடைசிச் சில பறவைகளைப் பிடிக்கவே மிகுந்த காலம் ஆகிறது.

எறும்பும் இவ்வரிசையில் சேரும். பறவைத் தீவு எனப்படும் மற்றொரு தனியார் தீவில் 1990களில் மஞ்சள் பைத்திய எறும்பு பரவிப் பெருந்தொல்லை தந்தது. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பகுதி மக்கள் 2022இல் எதிர்கொண்டதும் இதே எறும்பைத்தான். விடுதித் தோட்டத்துக்கு மண்ணோடு வரும் ஒரு தொட்டிச் செடி போதும், எறும்புக் கூட்டம் கடல் தாண்ட.

பணம் எங்கிருந்து வருகிறது

எலி ஒழிப்புக்கு ஹெலிகாப்டர், நஞ்சு, வல்லுநர், மாதக்கணக்கான உழைப்பு என ஒருமுறைச் செலவு பெரிது. அதன்பின் நாள்தோறும் காவல், கூடு கண்காணிப்பு, கன்று வளர்ப்பு என முடியாத செலவு. சீசெல்சு சுமார் ஒரு இலட்சம் மக்களைக் கொண்ட நாடு. ஒவ்வொரு தீவுக்கும் அரசு இதைச் செய்ய இயலாது. ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் விடுதி, தீவிலேயே சூழலியலாளர்களை அமர்த்திச் சம்பளம் தருகிறது. குறைந்த விருந்தினர், மிகுந்த கட்டணம் என்ற ஏற்பாட்டில் தீவின் பெரும்பகுதி கட்டடம் இல்லாமலே இருக்கும். நூறு அறை கொண்ட விடுதி ஒன்று அதே பரப்பில் அமைந்தால் அது முடியாது. இந்த அளவில் தனியார் முறைக்கு வலுவான நியாயம் உண்டு.

மறுபக்கக் கணக்கும் எழுதப்பட வேண்டும். விருந்தினர் ஐரோப்பாவிலிருந்து பல ஆயிரம் கி.மீ. பறந்து, மாஹேயிலிருந்து ஹெலிகாப்டரில் வந்திறங்குகின்றனர். குடில்தோறும் நீச்சல் குளம், குளிர்சாதனம். இவற்றுக்கு மின்சாரமும் நன்னீரும் வேண்டும். உணவின் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. ஒரு தீவின் பறவையை மீட்கும் பயணம், பவளப்பாறைகளை வெளுக்கச் செய்யும் வெப்பமாதலுக்கும் தன் பங்கைச் செலுத்துகிறது. 1998இல் கடல்வெப்பம் உயர்ந்தபோது சீசெல்சின் உள்வட்டத் தீவுகளைச் சூழ்ந்த பவளத்தில் மிகப் பெரும்பகுதி மடிந்தது. அது பிரெகேட் விடுதி திறக்கப்பட்ட அதே ஆண்டு.

உரிமையாளர் மாறினால் என்ன ஆகும் என்பது இன்னொரு கேள்வி. சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குசேனைச் சட்டம் காக்கிறது. விடுதித் தீவில் பாதுகாப்பு என்பது பெரிதும் உரிமையாளரின் விருப்பத்தையும் அறைகளின் நிரம்பலையும் பொறுத்தது. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வரத்து நின்றபோது, அவர்கள் தரும் பணத்தை நம்பியிருந்த தீவுகளின் வருவாயும் நின்றது. எலிக்கான காவலை மட்டும் நிறுத்த முடியாது. குசேனும் பகல்நேரப் பயணிகளின் நுழைவுக் கட்டணத்தைச் சார்ந்ததே என்பதால் அதுவும் இந்த இடரிலிருந்து தப்பவில்லை.

மொயேன்: விற்க மறுத்த தீவு

விடுதியே இல்லாமல் தனியொருவர் தீவை மீட்ட நிகழ்வும் சீசெல்சில் உண்டு. மாஹேயின் வடகரைக்கு 4.5 கி.மீ. தொலைவிலுள்ள மொயேன், பத்து ஹெக்டேருக்கும் குறைவான சிறு தீவு. பிரிட்டானியப் பத்திரிகை ஆசிரியர் பிரெண்டன் கிரிம்ஷா 1962இல் அதை 8,000 பவுண்டுக்கு வாங்கினார். மாஹேயைச் சேர்ந்த ரெனே லஃபோர்ச்சூன் என்பவரோடு சேர்ந்து புதரை வெட்டி, சுமார் 16,000 மரங்களை நட்டார், பாதைகள் அமைத்தார், பேராமைகளை வளர்த்தார். சுற்றுலா வளர்ந்தபின் தீவை விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்கு அவர் விற்க மறுத்தார். 2008இல் மொயேன் தனித் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. உலகின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்றாக அது குறிப்பிடப்படுகிறது. 2012இல் மறைந்த கிரிம்ஷா, தம் தந்தையின் கல்லறைக்கு அருகே அத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மாஹேயிலிருந்து படகில் பகல்நேரப் பயணிகள் இன்றும் அங்கே சென்றுவருகின்றனர். ஆமைகள் பாதையிலேயே படுத்திருக்கும்.